கலைச்சொல் தேவை: 'ஷேடோ ஐடி' (வெள்ளிக்குள்!)

ஏட்டுச்சுரைக்காய்:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மேலாண்மைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். 'ஷேடோ ஐடி'யில் மூன்று நாளாக நிற்கிறேன். அலுவலகக் கணினித் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊழியர்கள் தாங்களே வைத்துக்கொள்ளும் விரிதாள், வாட்ஸ்அப் குழு, சொந்த கூகுள் டிரைவ் எல்லாம் இதில் சேரும். 'நிழல் தகவல் தொழில்நுட்பம்' என்று போட்டேன். படித்துப் பார்த்த மாணவி, "மரத்தடியில் நடக்கும் வகுப்பா?" என்று கேட்டாள்.

பழையன்:
மாணவி கேட்டது சரி. நமக்கு நிழல் என்றால் முதலில் தண்ணிழல்தான். குறள் 1034இல் உழவர், பல குடை நிழலையும் தம் குடைக்கீழ்க் காண்பவர். அங்கே நிழல் என்பது காப்பு. 208இல் தீயவை செய்தவனின் கேடு, நிழல் போல அவன் அடியை விடாது. திருட்டுத்தனம் எங்கே வந்தது? அது ஆங்கிலத்தில் வாங்கிய கடன். தொல்காப்பியர், சொற்பொருள் கூறும் உரியியலில், 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' நான்கும் உள்ளதன் நுணுக்கம், அதாவது இருந்தது நுணுகிக் குறைதல், என்கிறார். நிழத்தலிலிருந்தே நிழல் பிறந்தது என்பது என் துணிபு. ஒளி நுணுகுவதால் நிழல். ஆகவே 'நிழத்தம்' என்று ஆக்கினால்...

வடமராட்சியான்:
ஐயா, நிழத்தம் எண்டால் நானே அகராதி தேடுவன். 'ஒளிமுறைமை' எப்படி? ஒளித்து வைத்த முறைமை.

ஏட்டுச்சுரைக்காய்:
அண்ணா, ஒளிமுறைமை என்றால் இயற்பியல் வாத்தியார் வந்து லென்ஸ் எங்கே என்பார்.

காரைக்குடி கணக்கர்:
எல்லாரும் இதைக் குற்றமாகவே பார்க்கிறீர்கள். எப்படி வந்தது என்று பாருங்கள். முன்பெல்லாம் ஓர் அறிக்கை வேண்டுமென்றால் கணினித் துறையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தது. மேலாளர்கள் தங்கள் பிரிவுச் செலவிலேயே அந்தக் கணினியை வாங்கி, மேசையில் வைத்து, கணக்கைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். 1983இல் லோட்டஸ் 1-2-3 என்ற இன்னொரு விரிதாள் வந்த பிறகு ஐபிஎம் பிசிக்கும் அதே கதை.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பெரிய செலவில் ஈஆர்பி, அதாவது சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள், போட்டார்கள். அதில் உடைந்த சரக்கை எழுதக் கட்டமே இல்லை. கிடங்கில் இருந்த அம்மா 'சரியான ஸ்டாக்' என்று ஓர் எக்செல் கோப்பு வைத்திருந்தார். தணிக்கைக்கு வந்தவர் முதலில் கேட்டதே அதைத்தான். அந்த அம்மா ஓய்வு பெற்றார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. அப்புறம் ஒரு மாதம் எல்லாப் பெட்டிகளையும் திறந்து கையால் எண்ணினோம்.

இதற்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் சொல் உண்டு: சிட்டை. அன்றாடம் கைக்கு வந்தபடி எழுதுவது சிட்டை, பிறகு அது பேரேட்டில், அதாவது முறையான பெரிய கணக்குப் புத்தகத்தில், ஏறும். ஏறாமல் நின்ற சிட்டைதான் உங்கள் ஷேடோ ஐடி.

பழையன்:
சிட்டை, சிட்டா எல்லாம் வடக்கிலிருந்து வந்தவை. பேரேடு இருக்கும்போது 'புறவேடு' என்று சொன்னால் குறைந்தா போகும்?

காரைக்குடி கணக்கர்:
ஐயா, பட்டா சிட்டா வாங்காத வீடு உண்டா? மாணவனுக்குப் புரிகிற சொல் வேண்டும். மேலும் வாட்ஸ்அப் குழு ஏடு ஆகுமா?

ஏட்டுச்சுரைக்காய்:
வாட்ஸ்அப் குழு சிட்டையும் ஆகாதே, ஐயா.

லண்டன்காரி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வக முடிவுகளைப் எக்செல்லின் பழைய வகையான எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் ஓசையில்லாமல் உதிர்ந்துவிட்டது. இதை எந்தப் பெயரில் சேர்ப்பீர்கள்?

வடமராட்சியான்:
வரிசை இல்லை, நிரை.

காரைக்குடி கணக்கர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. லண்டன் அம்மா சொன்னது அதிகாரிகளே நடத்திய வேலை. ஒப்புதல் இருந்ததால் அது ஷேடோ ஆகாது. எக்செல் இருந்தாலே நிழல் என்று நினைக்கக் கூடாது. இது கருவியின் பெயரில்லை, அனுமதியைப் பொறுத்த பெயர். தம்பி, பதிப்பகத்தின் சொற்பட்டியலில் என்ன இருக்கிறது?

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தத் தரவுத்தளம் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, ஐயா. நான் என் சொந்தத் தாளில்தான் குறித்துவருகிறேன். அவர்களுக்குத் தெரியாது.

காரைக்குடி கணக்கர்:
சரிதான். சிட்டைக்கு ஒரு வாக்கு என்று எழுதிக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
வியாழன் இரவு 11 மணி. என் பழைய சொல்லைச் சுருக்கிய 'நிழல் முறைமை'க்கு நான்கு பேர், சிட்டைக்கு இரண்டு, புறவேட்டுக்கு ஒன்று. நால்வரில் இருவர், "வேறு வழியில்லை" என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நிழல் முறைமை என்றே போட்டு, முதல்முறை வரும் இடத்தில் 'ஒப்புதல் பெறாத' என்ற அடையைச் சேர்த்துவிட்டேன். கிடங்கு அம்மாவின் கதையைப் பெயரில்லாமல் எடுத்துக்காட்டுப் பெட்டியில் வைக்கலாமா, கணக்கரே?

காரைக்குடி கணக்கர்:
வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் கேட்காதீர்கள், இன்னும் எங்களுக்கே தெரியாது.

பழையன்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நிழத்தல் பற்றி நச்சினார்க்கினியர் உரையோடு திங்களன்று விரிவாக எழுதுவேன்.