புது ட்ராவல் ட்ரெய்லர், அடியில ஃப்ரேம்ல விரிசல் மாதிரி தெரியுது. பெயின்ட்டா இரும்பேவா?

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கது டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ. இந்த வருஷம் ஸ்ப்ரிங்ல ஒரு 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வண்டில மாட்டி இழுத்துட்டுப் போற வீடு மாதிரி) புதுசா வாங்குனோம், ரெண்டு ஆக்சில், ஜிவிடபிள்யூஆர் (லோடோட சேத்து இருக்கலாம்ங்கிற அதிகபட்ச எடை) 7,600 பவுண்ட், இழுக்கது எஃப்-150 பிக்கப் ட்ரக். கம்பெனி பேரு, டீலர் பேரு இப்ப வேண்டாம், பேச்சுவார்த்தை ஓடிக்கிட்டு இருக்கு. ரே ராபர்ட்ஸ் லேக், அப்புறம் பேலோ டூரோ கேன்யன் வரைக்கும் போயிட்டு வந்தோம், பிள்ளைங்களுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு.

விஷயம் என்னன்னா, முன்னாடி முக்கோணமா வருதுல்லா ஏ-ஃப்ரேம், அது உள்ள போயி பெரிய ஐ-பீமோட சேர்ற இடத்துல, டிரைவர் பக்கம், வெல்டிங் ஓரமா ஒரு கோடு ஓடுது, கோட்டுல இருந்து துரு வழிஞ்ச மாதிரி பழுப்பு நிறம். சரின்னு டார்ச் அடிச்சு பின்னாடி வரைக்கும் பாத்தா, அதே பக்கம் ஸ்ப்ரிங் தொங்குற ஹேங்கர் இருக்குல்லா, நடு ஹேங்கர், அதுக்கு மேல ஐ-பீமோட கீழ் ஓரம் அப்பளம் மாதிரி லேசா நெளிஞ்சு நிக்கி, அங்கயும் வெல்டிங் பக்கத்துல மயிரிழைக்கு ஒரு கோடு. அந்தப்பக்கம் ஹேங்கர் நேரா இருக்கு. இதுபோக முன்னாடி ஸ்டோரேஜ் கதவு இப்ப ஒரசுது, வாங்கும்போது ஒரசல.

டீலர் சர்வீஸ்ல போட்டோ காமிச்சேன், "பெயின்ட் கிராக், எல்லா ட்ரெய்லர்லயும் வரும், வேணும்னா ஆறு வாரம் கழிச்சு கொண்டுவாங்க, அதுவரைக்கும் ஓட்டலாம்"ன்னு சொல்லிட்டாங்க. ஓட்டலாம்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டா பேச்சு மாறுது. மச்சான் என்னடான்னா இங்க ஒரு வெல்டர் இருக்காரு, ஒரு மணிநேர வேலை, நாமளே போட்டுருவோம்ங்கான். போடலாமா? இந்த நிலைமைல இழுத்துட்டுப் போலாமா?

பைப்லைன் வேலைக்காரன்:

வெல்டிங் மட்டும் போட்றாதீங்க தம்பி. மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. வாரன்ட்டி இருக்கும்போது வெளியாள் ஒரு பொட்டு வெல்டு வச்சாலும் "நீங்க கைவச்சதாலதான் இப்படி ஆச்சு"ன்னு கைய விரிச்சுருவாய்ங்க, அதுக்கப்புறம் எது பழைய விரிசல் எது புதுசுன்னு நிரூபிக்கவே முடியாது.

நான் ஹூஸ்டன்ல வெல்டு இன்ஸ்பெக்‌ஷன்லதான் இருக்கேன், ட்ரெய்லர் என் தொழில் இல்ல ஆனா இரும்பு இரும்புதான். பெயின்ட் மட்டும் வெடிக்கிறது உண்டு, அது பொய் இல்ல, இந்த ஃப்ரேமுக்கெல்லாம் ஏதோ பேருக்கு ஒரு கோட் கருப்பு அடிச்சு அனுப்புறாய்ங்க, வெல்டு ஓரத்துல அது சரியா ஒட்டாது. ஆனா பெயின்ட் வெடிப்பு பெரும்பாலும் கோணல்மாணலா செதில் செதிலா இருக்கும். வெல்டோட விளிம்ப ஒட்டியே ஒரே நேர்கோடா ஓடி, முனைல இருந்து இரும்புக்குள்ள திரும்புதுன்னா சந்தேகப்படணும். கண்ணால பாத்து யாரும், நான் உட்பட, அடிச்சு சொல்ல முடியாது.

அதுக்கு டை பெனட்ரன்ட்னு, விரிசலுக்குள்ள புகுந்து காட்டிக்குடுக்கிற சாயம், மூணு கேன் (கிளீனர், சிவப்பு சாயம், வெள்ளை டெவலப்பர்) செட்டா விக்கும், வெல்டிங் சப்ளை கடைல கேளுங்க. முதல்ல ஸ்கேல் ஒண்ண பக்கத்துல வச்சு எல்லா கோணத்துலயும் போட்டோ, வீடியோ எடுத்துக்கங்க. அதுக்கப்புறம்தான் அந்த இடத்துல பெயின்ட்ட எடுக்கணும், அதையும் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுங்க, கிரைண்டர் வைக்காதீங்க, கிரைண்டர் ஓட்டுனா இரும்பு இழுபட்டு விரிசல் வாயே மூடிக்கும். கிளீனர்ல துடைச்சு காய விட்டு, சிவப்ப அடிச்சு ஒரு பத்து நிமிஷம் விடுங்க, கேன்ல போட்டிருக்கிற நேரத்த பாத்துக்கங்க. அப்புறம் துணில கிளீனர நனைச்சு துடைக்கணும், நேரா மேல ஸ்ப்ரே அடிச்சா உள்ள போன சிவப்பும் கழுவிட்டுப் போயிரும், நிறைய பேரு இங்கதான் கோட்டை விடுவாய்ங்க. கடைசியா வெள்ளை. விரிசல் இருந்தா வெள்ளை மேல சிவப்பு கோடு கசிஞ்சு வரும். காலைல பண்ணுங்க, நம்ம டெக்சாஸ் மத்தியான வெயில்ல இரும்பு கொதிக்கும், ரிசல்ட் தப்பா வரும். அடியில போறதுக்கு முன்னாடி வீல் சோக், ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் கண்டிப்பா வைங்க.

என்னை கேட்டா முன்னாடி கோட்ட விட எனக்கு பயமா இருக்கது அந்த நெளிஞ்ச ஹேங்கர்தான். ரெண்டு ஆக்சில் வண்டிய இறுக்கமா திருப்பும்போது நாலு டயரும் ஒரே வட்டத்துல உருளாது, ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம்னு தரைய தேய்க்கும், கேம்ப்கிரவுண்ட்ல ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் பக்கவாட்டுல மடங்குறத பாத்திருப்பீங்க. அந்த விசை பூரா ஹேங்கர் வழியா ஐ-பீமோட கீழ் தகட்டுக்குத்தான் போகும். ஐ-பீம்னு பேருதானே ஒழிய நடுத்தகடு ரொம்ப மெல்லிசு. இடது ஹேங்கருக்கும் வலது ஹேங்கருக்கும் நடுவுல குறுக்க ஒரு சட்டம் இல்லைன்னா அந்த மெல்லிசு தகடு முன்னும் பின்னும் ஆடி ஆடியே வெடிக்கும்.

கப்ளர் (முன்னாடி ட்ரக்கோட மாட்டுற முனை) பந்து நடுவுல இருந்து முன் ஆக்சிலோட ரெண்டு முனைக்கும் டேப் பிடிச்சு அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா வரணும். டயர்ல உள்பக்கம் மட்டும் தேய்மானமான்னு பாருங்க. ஒரு விஷயம், நூல் பிடிச்சு பாத்து பீம் நடுவுல லேசா மேல வளைஞ்சு இருந்தா அலறாதீங்க, எடை ஏறுனா நேராகட்டும்னு வேணும்னே அப்படி வளைச்சு கட்டுறது உண்டு.

இழுத்துட்டுப் போலாமான்னா, இந்த டெஸ்ட் முடியுற வரைக்கும் வேண்டாம்.

ப்ளேனோக்காரி:

அண்ணா சொன்ன டெஸ்ட்ட பண்ணுங்க, ஆனா அதோட பேப்பர் வேலையும் சேத்தே நடக்கணும். எங்க ட்ரெய்லர்ல வேற பிரச்சனை (சுவர் உப்பி வந்துடுச்சு), அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டது. நிறைய ஸ்டேட்ல லெமன் லா (புது வண்டில தீராத குறை இருந்தா கம்பெனிய பொறுப்பாக்கற சட்டம்) மோட்டார்ஹோம் வரைக்கும்தான் வரும், இழுக்கிற வண்டிய விட்டுடுவாங்க, நீங்க டெக்சாஸ்ல இருக்கறது நல்லதாப்போச்சு, இங்க டோயபிள் ஆர்வியும் அதுல சேர்த்தி. டெக்சாஸ் டிஎம்வில (நம்மூர் ஆர்டிஓ மாதிரி) கம்ப்ளெயின்ட் குடுக்கணும், ஃபீஸ் 35 டாலர். அதுக்கு முன்னாடி மேனுஃபேக்சரருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும், ஃபோன்ல கத்தினதெல்லாம் கணக்குல வராது, சர்டிஃபைட் மெயில்ல அனுப்பி ரசீத வெச்சுக்கோங்க. டீலருக்கு மட்டும் அனுப்பிட்டு விட்டுடாதீங்க.

உயிருக்கு ஆபத்தான குறைன்னா ரெண்டு தடவை ரிப்பேருக்கு விட்டும் சரியாகலேன்னா கேஸ் நிக்கும், இல்லேன்னா முதல் 24 மாசத்துக்குள்ள மொத்தமா 30 நாள் ரிப்பேர்லயே கிடந்தாலும் ஒரு வழி இருக்கு, ரெண்டுக்கும் உள்நிபந்தனை இருக்கு, டிஎம்வி சைட்ல பொறுமையா படிச்சுக்கோங்க. இதுல கவனிக்க வேண்டியது, "ஆறு வாரம் கழிச்சு கொண்டுவாங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அந்த ஆறு வாரமும் வண்டி உங்க வீட்டு வாசல்ல நின்னா ஒரு நாள்கூட கணக்குல சேராது. ரிப்பேர் ஆர்டர் போட்டு, தேதி போட்டு, அவங்க லாட்ல நிக்கணும். ரிப்பேர் ஆர்டர்ல "கஸ்டமருக்கு சத்தம் கேக்குதாம்"னு மழுப்பி எழுதுவாங்க, விடாதீங்க, "ஃப்ரேம்ல, ஹேங்கர் வெல்டு ஓரத்துல விரிசல்"னு எழுதச் சொல்லி அப்புறம் கையெழுத்து போடுங்க.

இன்னொண்ணு, ட்ரெய்லர்ல மேல வீடு மாதிரி கட்டறவங்க வேற, அடி ஃப்ரேம் பண்றவங்க வேற. ஃப்ரேமுக்கு தனி வாரன்ட்டி இருக்கும், காலமும் வேற மாதிரி இருக்கலாம், புக்லெட்ட தேடிப் பாருங்க. வண்டியோட விஐஎன் நம்பர என்ஹெச்டிஎஸ்ஏ (ரோடு பாதுகாப்பு பாக்கற ஃபெடரல் ஏஜென்சி) சைட்ல போட்டு ரீகால் (குறைய சரிபண்ண கம்பெனியே திரும்ப கூப்பிடறது) இருக்கான்னு பாத்துட்டு அங்கயே ஒரு சேஃப்டி கம்ப்ளெயின்ட்டும் போட்டுடுங்க, காசு கிடையாது. கோவத்துல லோன் இஎம்ஐய மட்டும் நிறுத்திடாதீங்க, பேங்குக்கு இந்த சண்டை சம்பந்தமே இல்ல, கிரெடிட்தான் போகும்.

ஸ்காபரோ பெடியன்:

நான் கனடாவில இருக்கிறன், சட்டம் பற்றி எனக்குத் தெரியாது, ஆனா ஒரு கேள்வி. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ட்ரெய்லரின்ர முன்பாரத்தைப் பிரிச்சு விடுற கொழுவி) பாவிக்கிறீங்களோ? அந்த ஸ்ப்ரிங் பாரை அளவுக்கு மிஞ்சி இறுக்கினா ஏ-ஃப்ரேமில சரியான பாரம் விழும், அதோட கேஸ் ஸ்டேஷன் வாசல் பள்ளத்தில இறங்கி ஏறேக்க இன்னும் கூடும். டங் வெயிட் (ட்ரெய்லரின்ர மூக்கு ட்ரக்கில அழுத்துற பாரம்) மொத்த எடையில பத்திலயிருந்து பதினைஞ்சு வீதம் எண்டா உங்கட ட்ரெய்லருக்கு முழு லோட்டில 760 இலயிருந்து 1,140 பவுண்ட் வரும். ட்ரக் ஸ்டொப்பில கேட் ஸ்கேல் (வாகனத்தை எடை பாக்கிற தராசு) இருக்கும், டெஸ்ட் முடிஞ்சு இழுக்கலாம் எண்டு வந்தா பாரோட ஒருக்கா பார் இல்லாம ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. டீலர் முதல் கேக்கப்போறதே "ஓவர்லோட் பண்ணினீங்களோ" எண்டுதான், அந்த ஸ்லிப் கையில இருந்தா நல்லது.

மற்றது மூலையில இருக்கிற ஸ்டெபிலைசர் ஜாக்கால ஆராவது ட்ரெய்லரைத் தூக்கினவையோ? வித்த இடத்திலகூட டயர் மாத்தேக்க அப்பிடித் தூக்கிறவை இருக்கினம், ஃப்ரேம் முறுகிப்போகும்.

பைப்லைன் வேலைக்காரன்:

ஸ்காபரோ சொல்றது ஏ-ஃப்ரேமுக்கு சரி, ஆனா ஹேங்கர் நெளியிறதுக்கு ஹிட்ச் பார் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். இந்த வண்டியெல்லாம் பெரும்பாலும் இண்டியானால எல்கார்ட் பக்கம் செஞ்சு வருது, அங்கருந்து டல்லாஸ் ஆயிரம் மைலுக்குப் பக்கம், இவரு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் அவசர அவசரமா இழுத்துட்டு வந்திருப்பாரு. ஸ்லிப் எடுக்கிறது நல்ல யோசனை.

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி, அக்கா, ஸ்காபரோ அண்ணன், எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை காலைல டை அடிச்சுப் பாத்தேன். முன்னாடி ஏ-ஃப்ரேம் கோட்டுல ஒண்ணும் வரல, பெயின்ட்தான். ஹேங்கர்ல வெள்ளைய அடிச்சு திரும்பிப் பாக்கதுக்குள்ள சிவப்பு வந்துருச்சு, வெல்டு ஓரமா போயி நடுத்தகட்டுக்குள்ள ஏறுது. டேப்ல ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் வித்தியாசம் வருது, அது பெருசா சின்னதான்னு தெரியல. ஹிட்ச் பார் டீலரே செட் பண்ணிக்குடுத்தது, நான் மாத்தல. ஸ்டெபிலைசர்ல நாங்க தூக்குனதில்ல.

வீடியோவ மெயில்ல அனுப்புன உடனே பேச்சே மாறிப்போச்சு. அவங்க செலவுல ஃப்ளாட்பெட்ல வந்து எடுத்துட்டுப் போறாங்களாம், ரிப்பேர் ஆர்டர்ல அக்கா சொன்ன வாசகத்த அப்படியே எழுத வச்சாச்சு. மேனுஃபேக்சரருக்கும் சர்டிஃபைட் மெயில் போயிருச்சு. "வெல்டு பண்ணி ஒரு பிளேட் வச்சு குடுத்துருவோம்"ங்காங்க. ஒத்துக்கலாமா?

பைப்லைன் வேலைக்காரன்:

கால் இஞ்ச் நீங்க டேப் பிடிச்ச விதத்துலயே வரலாம், அத அவங்களே அலைன்மென்ட்ல அளந்து எழுதிக் குடுக்கட்டும்.

ரிப்பேரு ஃப்ரேம் செஞ்சவங்க எழுத்துல குடுத்த முறைப்படி நடக்கணும், டீலர் கடைப்பையன் இஷ்டத்துக்கு இல்ல. விரிசல் முனைல ஓட்டை போட்டு, விரிசல் பூராவயும் தோண்டி எடுத்துட்டு வெல்டு பண்ணணும், மேலாப்புல பூசுனா திரும்ப அதே இடத்துல வரும். கீழ் தகட்டுக்கு குறுக்க நேரா வெல்டு இழுக்கக் கூடாது. ஒரு ஹேங்கருக்கு மட்டும் பிளேட் வச்சா பத்தாது, ஆறு ஹேங்கருக்கும் வைக்கச் சொல்லுங்க, இடதுக்கும் வலதுக்கும் நடுவுல குறுக்கு சட்டமும் கேளுங்க. முடிஞ்சதும் ஏடபிள்யூஎஸ் (அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டி) சர்டிஃபைட் வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஒருத்தர உங்க காசுல கூட்டிட்டுப் போயி பாருங்க, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி. வெல்டு போடுறப்ப பேட்டரி வயர் கழட்டி, ப்ரொப்பேன் மூடி, அடியில இருக்க கோரோப்ளாஸ்ட் (ப்ளாஸ்டிக் அட்டை) ஷீட்டயும் அந்த ஏரியா இன்சுலேஷனயும் விலக்கிட்டுத்தான் பண்ணணும், அது சட்டுனு தீப்பிடிக்கும். இதையும் ரிப்பேர் ஆர்டர்லயே எழுதச் சொல்லிருங்க.