தில்லி இந்திரா காந்தி நினைவு அருங்காட்சியகம்: முதியோருடனும் மகளுடனும் செல்லலாமா?

நெல்லைக் குடும்பஸ்தன்:
டிசம்பர் விடுமுறையில் பெற்றோரையும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு தில்லி செல்கிறோம். இந்திரா காந்தி வாழ்ந்து, இப்போது அவர் நினைவு அருங்காட்சியகமாக உள்ள சப்தர்ஜங் சாலை 1ஆம் எண் இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. நெருக்கடி நிலையின்போது கல்லூரியில் படித்த அப்பாவுக்கோ இந்திரா காந்தி மீதுள்ள மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? பிரதமர்கள் அருங்காட்சியகத்தையும் அன்றே பார்த்துவிட முடியுமா?

வைகைக்கரையான்:
தாராளமாகப் போய்வாருங்கள்; திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. மாளிகை என்று சொல்ல முடியாத அந்த வீட்டில் படிப்பறையையும் உணவறையையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சிறையில் நேரு நூற்ற நூலில் நெய்து, 1942இல் மகள் மணக்கோலத்தில் உடுத்திய சேலை அங்கே இருக்கிறது. 1984 அக்டோபர் 31 அன்று அவர் உடுத்தியிருந்த, குண்டு துளைத்த சேலையும் இருக்கிறது. அன்று காலை ஒரு தொலைக்காட்சி நேர்காணலுக்காக அக்பர் சாலை அலுவலகத்தை நோக்கி அவர் நடந்துசென்ற தோட்டப்பாதையைப் படிகக் கண்ணாடியால் மூடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் நீளத்தை நேரில் பார்த்தபோதுதான், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே, தம் மெய்க்காவலர்களாலேயே அவர் சுடப்பட்டார் என்ற செய்தியின் கனம் எனக்கு முழுமையாக உறைத்தது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் கிழிசல்களும் காலணிகளும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளன. நம் ஊர் மண்ணில் நடந்த கொடுமை என்பதால் அந்தப் பேழையின் முன் நிற்பது கடினம். மகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

பழைய தில்லிவாசி:
உங்கள் அப்பாவின் மனத்தாங்கலை மாற்ற முயல வேண்டாம்; அதையும் மகள் கேட்கட்டும். நினைவில்லம் என்பது அன்பு கொண்டவர்கள் அமைத்தது, ஆகவே 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலையில் நாடு பட்ட பாட்டை அதன் சுவர்களில் மட்டும் தேடினால் போதாது. 1977 தேர்தலில் தோற்ற பிறகு இந்திரா இந்த வீட்டைக் காலி செய்து தில்லியிலேயே வில்லிங்டன் கிரசென்ட் சாலைக்குக் குடிபெயர்ந்தார் என்பதையும், 1980இல் மக்களே அவரை மீண்டும் பிரதமராக்கினார்கள் என்பதையும் தாத்தா வாயால் கேட்டபின் அந்த அறைகளைப் பார்த்தால், பேத்திக்குப் பாடநூல் தராத தெளிவு கிடைக்கும்.

சாந்தி_திருச்சி:
லோக் கல்யாண் மார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வார இறுதியில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிந்துவிட்டால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், பெரியவர்களால் நின்று பார்க்க இயலாது. எனவே வேலைநாளில் காலையிலேயே சென்றுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி வளாகத்தில் 2022இல் திறக்கப்பட்ட பிரதமர்கள் அருங்காட்சியகம் மிகப் பெரியது. அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே பெற்றோருக்கு நல்லது.