செய்முறைக் குறிப்பை வாசிக்கத் திணறும் மாணவர்களை ஆய்வகத்தில் எப்படிப் பழக்குவது?

கேள்வி: வேதியியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் வழியில் வேதியியல் கற்பிக்கிறேன். நான் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் என் மாணவர்கள் கரைசலை அளக்கும் பிப்பெட்டையும் பியூரெட்டையும் அழகாகக் கையாளுகிறார்கள். குறிப்பைக் கொடுத்து, "நீங்களே படித்துச் செய்யுங்கள்" என்றால் தயங்கி நின்றுவிடுகிறார்கள். சென்ற வாரம் ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்த்தோம்; அதாவது, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வினை முடிய எவ்வளவு தேவை என்று அளந்தோம். இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்பதே வினை முடிந்ததைக் காட்டும் முடிவுநிலை. ஒரு மாணவி முதல் சில சொட்டுகளிலேயே இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்பதைக் கண்டு, 0.3 மி.லி. என்று முடிவுநிலையைக் குறித்துவிட்டார். குடுவையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும் என்பது அவருடைய ரெக்கார்டு நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. எழுதியவரே அதை வாசிக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. வாசிப்புப் பயிற்சியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிந்திருக்கும்போது, ரெக்கார்டு நோட்டு முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து நிரப்பப்படுவதில் வியப்பில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அம்மா. இந்த வினை தொடக்கத்தில் மெதுவாகவே நடக்கும்; வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிகளே பிறகு அதை விரைவுபடுத்தும். இது தெரிந்த மாணவர் முதல் சொட்டின் நிறம் மறையும்வரை காத்திருப்பார். அதேபோல், கரைசலின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியான கீழ்ப்பிறையைப் பார்த்தே அளவெடுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர், பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் அது தெரியாமல் தடுமாறுவார். அங்கு மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

மறுமொழி 2: கல்லூரி மாணவர், வேதியியல் முதலாம் ஆண்டு

நானும் தமிழ் வழியில் படித்தவன். "ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்க" என்ற வரியை, ஒரே எண்ணை இரண்டு முறை எழுத வேண்டும் என்றே இரண்டு ஆண்டுகளும் புரிந்துகொண்டிருந்தேன். ஒருமுறை 18.4 வந்தால், மறுமுறை செய்யாமலே கீழேயும் 18.4 என்று எழுதிவிடுவேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அதுதான் முறை என்று உண்மையாகவே நம்பினேன். ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே செய்து, கிடைக்கும் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவரும்வரை தொடர வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வரிக்குப் பொருள் என்ன என்று ஒருவராவது என்னைக் கேட்டிருந்தால் அன்றே தெளிந்திருப்பேன்.

மறுமொழி 3: தமிழாசிரியர், பள்ளி நூலகப் பொறுப்பாளர்

இதை நான் இலக்கணச் சிக்கலாகவே பார்க்கிறேன். "20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்து, சம அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சூடாக்கி, பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்க்கவும்" என்றுதான் நம் குறிப்புகள் இருக்கும். எடுத்து, சேர்த்து, சூடாக்கி ஆகிய மூன்றும் வினையெச்சங்கள். வாக்கியம் முடிவது "பார்க்கவும்" என்ற சொல்லில். வேகமாக வாசிக்கும் பிள்ளையின் கண் அந்த முற்றுக்குத் தாவிவிடுகிறது. நடுவில் உள்ள "சூடாக்கி" கண்ணில் பட்டும் மனத்தில் பதிவதில்லை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளிலான சிறு நூல்களை எங்கள் பிள்ளைகள் ஆர்வத்தோடு வாசிக்கிறார்கள். ஆனால் கதையில் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் கதை நகர்ந்துவிடும். செய்முறைக் குறிப்பு அப்படியன்று. எனவே நூலகப் பாடவேளையில் அறிவியல் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வினையெச்சத்தையும் அடிக்கோடிட்டு, அதை முற்றாக்கித் தனி வாக்கியமாக எழுத வேண்டும். எழுதிய பின் ஒருவர் வாசிக்க, மற்றவர் வெறுங்கையால் செய்து காட்ட வேண்டும். முதல் சில வாரங்கள் நேரம் நிறையப் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தமிழாசிரியர் ஐயா சொன்னபடி இன்று அந்த வாக்கியத்தைப் பிரித்து எழுதச் சொன்னேன். அந்த மாணவியின் நோட்டில் "கரைசலைச் சூடாக்க வேண்டும்" என்பது மூன்றாவது வரியாகத் தனியே நின்றது. அவரே போய் பர்னரைப் பற்றவைத்தார். முதல் அளவீடு 19.2, இரண்டாவது 19.4. இரண்டும் ஒத்திருக்கவில்லையே, மூன்றாம் முறை செய்யட்டுமா என்று கேட்டார். மணி அடித்திருந்தும் செய்யச் சொன்னேன்.