‘வருவீரர்’ – கொரிய ஆட்டக்காரர்களை வருவித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) கலைச்சொற்களின் வரிசையில், வேறு மண்டலத்திலிருந்து ஓர் அணி அழைத்துக்கொள்ளும் ஆட்டக்காரரைக் குறித்து ஆங்கிலத்தில் ‘இம்போர்ட்’ என்று வழங்கும் சொல்லுக்கு இறக்குமதி வீரர், வெளிநாட்டு வீரர், அயல்வீரர் என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்னும் ஐவர் அணிக் கணினி விளையாட்டில் தென்கொரிய ஆட்டக்காரர்களைச் சீன, அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் சம்பளம் பேசி அழைத்துக்கொண்ட வரலாற்றைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையில் அம்மூன்றையும் இட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் பொருளைத் தவறவிடுகிறது. அந்த இடங்களைச் சுட்டிக்காட்டி, ‘வருவீரர்’ என்னும் சொல்லை முன்மொழிவதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். 2014 அக்டோபர் 19 அன்று சோல் நகரின் உலகக் கோப்பை மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில், கொரியாவின் சாம்சங் ஒயிட் அணி சீனாவின் ஸ்டார் ஹார்ன் ராயல் கிளப்பை 3-1 என்று வென்று உலகப் பட்டத்தைப் பெற்றது. தோற்ற சீன அணியிலும் இன்செக், ஜீரோ என்னும் இரண்டு கொரியர்கள் ஆடினார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில், சாம்சங் ஒயிட், சாம்சங் புளூ என்னும் இரட்டை அணிகளின் பத்து முதன்மை ஆட்டக்காரர்களும் சீன அணிகளுக்குப் போய்விட்டார்கள். சீன அணிகளிடம் இருந்த பணம் இதற்கு ஒரு காரணம். ஒரு நிறுவனம் ஓர் அணியை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று கொரியாவில் அப்போது கொண்டுவரப்பட்ட மாற்றத்தால் உள்ளூரில் இடங்கள் பாதியாகக் குறைந்தது மற்றொரு காரணம். ஆகவே இதைப் பணத்தாசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கலைச்சொல்லிலும் அந்தத் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை விதியிலிருந்து வருகிறது. அதே 2014-இல் ஒரு சீன அணி முழுவதுமாக அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, எல்எம்கியூ என்ற பெயரில் வட அமெரிக்க லீக்கில் ஆடி, உலகப் போட்டிக்கும் தகுதி பெற்றது. அதன்பின், அந்த விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம், களமிறங்கும் ஐவரில் குறைந்தது மூவர் அந்த மண்டலத்தவராக இருக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது, வெளியிலிருந்து வருவோர்க்கு இரண்டே இடங்கள். இந்த விதியின் தடத்தைச் சீனாவின் வெற்றிகளில் அப்படியே காணலாம். 2018-இல் இஞ்சியோனில் வென்ற இன்விக்டஸ் கேமிங்கில் ருக்கியும் தஷையும், 2019-இல் பாரிசில் வென்ற ஃபன்பிளஸ் ஃபீனிக்சில் டோயின்பியும் கிம்கூனும், 2021-இல் ரெய்க்யவிக்கில் வென்ற எட்வர்டு கேமிங்கில் ஸ்கவுட்டும் வைப்பரும் ஆடினார்கள். மூன்று முறையும் இறுதிப் போட்டியின் களத்தில் சரியாக இரண்டு கொரியர்கள், மூன்று சீனர்கள்.

இனி ‘வெளிநாட்டு வீரர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐபிஎல் போட்டியில் களமிறங்கும் பதினொருவரில் நால்வர்க்கு மேல் வெளிநாட்டவர் இருக்கக் கூடாது என்ற விதிக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. அங்கே கணக்கு நாட்டை வைத்துத்தான். மின்விளையாட்டில் கணக்கு ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற மண்டலத்தை வைத்து. ஜெர்மானியர் ஒருவர் ஸ்பானிய அணியில் ஆடினாலும், கனடாக்காரர் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியில் ஆடினாலும் அவர்கள் வெளிநாட்டவர்தான். ஆயினும் விதியின்படி இம்போர்ட் அல்லர்.

இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான சான்று 2022-ஆம் ஆண்டின் டீம் லிக்விட் அணி. அமெரிக்க லீக்கில் ஆடிய அந்த அணியில் பெல்ஜியத்தின் பிவிப்போவும் பிரான்சின் ஹான்ஸ் சாமாவும் இரண்டு வெளியிடங்களை நிரப்பினார்கள். 2017-இல் கொரிய அணியில் உலகப் பட்டம் வென்று, 2019-இல் இந்த அணிக்கு வந்த கோர்ஜேஜே என்னும் கொரியரோ, கிரீன் கார்டு பெறும் நிலையில் இருந்ததால், அமெரிக்க மண்டலத்தவராகக் கணக்கிடப்பட வேண்டியவர். அந்த அட்டை தாமதமானபோது, ஆண்டின் தொடக்கப் போட்டியில் அவர் களமிறங்க முடியவில்லை. அவருடைய இடத்தில் ஆடிய எய்லா ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியா அடங்கிய ஓஷியானியா மண்டலத்தின் லீக் 2020-இல் மூடப்பட்டபின் அந்த மண்டலத்து ஆட்டக்காரர்கள் வட அமெரிக்காவில் உள்ளூரார்க்கு நிகராக ஏற்கப்பட்டார்கள் என்பதால், கடல் கடந்து வந்த அந்த ஆஸ்திரேலியர் இம்போர்ட் ஆகவில்லை. பல ஆண்டுகளாக அந்த அணியிலேயே இருந்த கொரியர் ஓர் அட்டை வரும்வரை இம்போர்ட்டாக நின்றார். ‘வெளிநாட்டு வீரர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே முரண்பாடு வந்துவிடும். நமக்கு வேண்டிய சொல், ஒருவர்மேல் பிறப்பால் ஒட்டிக்கொள்ளாமல், காலம் கழிந்தால் நீங்கக்கூடிய ஒரு நிலையைக் குறிக்க வேண்டும்.

‘அயல்வீரர்’ என்பதை இந்தக் காரணத்துக்காகவும், இன்னொரு காரணத்துக்காகவும் விலக்குகிறேன். ஸ்டார்கிராஃப்ட் என்னும் கணினி ஆட்டத்தின் உலகில் ‘அயலார்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்டது. கொரியர்கள் அந்த ஆட்டத்தில் அவ்வளவு ஓங்கி நின்றதால், கொரியர் அல்லாத எல்லோரையும், அவர்கள் தங்கள் சொந்த ஊரில் ஆடினாலும், அப்படியே அழைத்தார்கள். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த இறுதிப் போட்டியில் பின்லாந்தின் செரால், கொரியரான ஸ்டாட்ஸை 4-2 என்று வென்றார். அமெரிக்க மண்ணில் இருவருமே விருந்தாளிகள். ஆனால் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ‘அயலார்’ என்று பாராட்டப்பட்டவர் செரால் மட்டுமே. ‘அயலார்’ என்ற சொல்லை அந்தப் பொருளுக்கென்றே ஒதுக்கிவைப்பது நல்லது.

‘இறக்குமதி’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் எளியது. அது துறைமுகத்தின் சொல். கப்பலிலிருந்து இறக்கி, எடை போட்டு, சுங்கம் கட்டும் பொருளுக்கு உரியது. ஆங்கிலத்தில் அந்த உருவகம் தேய்ந்து மழுங்கிவிட்டதால் அவர்களுக்கு உறுத்துவதில்லை. தமிழில் அது இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. ‘இறக்குமதி மாப்பிள்ளை’ என்று யாராவது சொன்னால் ஏளனம் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

பிற மொழிகள் என்ன செய்தன என்று பார்ப்பதில் பயன் உண்டு. கொரியர்கள் தங்கள் நாட்டுக்கு வரும் பிறநாட்டு ஆட்டக்காரரை நெடுங்காலமாக ‘யோங்பியோங்’ என்றார்கள், பொருள் கூலிப்படையாள். அது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் வலுத்து, ‘வெளிநாட்டு ஆட்டக்காரர்’ என்று பொருள்படும் தொடர் முறையான வழக்கில் உள்ளது. சீனர்கள் ‘வாய்யுவான்’ என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் உதவி. ஜப்பானிய பேஸ்பாலில் ‘சுகெட்டோ’ என்ற சொல், கைகொடுக்க வந்தவர் என்ற பொருளில் வழங்குகிறது. சீனச் சொல்லும் ஜப்பானியச் சொல்லும் அன்பானவை என்றாலும், வந்தவரைத் துணையாளாகவே நிறுத்திவிடுகின்றன. 2014-இன் இறுதியில் இன்விக்டஸ் கேமிங்குக்கு வந்த ருக்கி, நான்காம் ஆண்டில் அந்த அணியின் நடுத்தூணாக நின்று கோப்பையைத் தூக்கினார். டோயின்பி சீன மொழியைக் கற்று, களத்தில் அணிக்கு வழிகாட்டும் குரலாகவே ஆனார். இவர்களை ‘உதவி’ என்பது உண்மைக்குக் குறைவு.

ஒருவர் தனிமடலில் ‘புலம்பெயர் வீரர்’ என்று பரிந்துரைத்திருந்தார். பிற தேயத்து வணிகர்கள் பூம்புகாரில் கலந்து வாழ்ந்ததைச் சொல்லும் பழைய தொடர் அது என்பதை அறிவேன், அழகான தொடர்தான். ஆனால் இன்று ஈழத்திலிருந்து போரால் சிதறியவர்களின் வாழ்வு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒரு பருவத்துக்கு விமானம் ஏறுபவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் முன்மொழிவு. இதன் வேர் ‘வருவித்தல்’ என்ற வினை. ‘சென்னையிலிருந்து அந்த நூலை வருவித்துப் படித்தேன்’ என்று பொருளுக்கும், ‘தஞ்சையிலிருந்து சிற்பியை வருவித்தார்கள்’ என்று ஆளுக்கும் நாம் அதைக் கூச்சமின்றி ஆள்கிறோம். இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு; அதை எண்ணியபோதுதான் எனக்கு இந்தச் சொல்லில் உறுதி பிறந்தது. செய்யுளில் பொருள் நிரம்பாமல் நிற்கும் இடத்தில், வேண்டிய சொல்லை வெளியிலிருந்து கொணர்ந்து நிரப்புவதை உரையாசிரியர்கள் ‘வருவித்து உரைத்தல்’ என்பார்கள். ஓர் அணி தன்னிடம் இல்லாத நடுக்கள ஆட்டக்காரரை வேறு மண்டலத்திலிருந்து கொண்டுவருவதும் இதே செயல்தான். எல்லா நேரமும் பொருள் நிரம்பிவிடுவதில்லை. 2015-இல் சாம்சங் ஒயிட்டின் மாட்டாவையும் டேண்டியையும் வருவித்த சீன அணியான வீசி கேமிங், உலகப் பட்டம் வென்ற இருவர் இருந்தும், எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. டெஃப்ட், பான் என்னும் கொரியர்களை வருவித்த எட்வர்டு கேமிங், அதே ஆண்டில் ஃபுளோரிடாவின் டல்லஹாசியில் கொரியாவின் எஸ்கேடி டி1 அணியை 3-2 என்று வீழ்த்தியது. ஐரோப்பாவில் ஹூனி, ரெய்ன்ஓவர் என்னும் கொரியர்களை வருவித்த ஃப்னாட்டிக் அணி, அவ்வாண்டின் கோடைப் பருவத்தின் பதினெட்டு ஆட்டங்களையும் தோல்வியின்றி முடித்தது.

ஆகவே செயலுக்கு ‘வருவித்தல்’ அல்லது ‘வருவிப்பு’. ஆளுக்கு ‘வருவீரர்’. இது வருபுனல், வருவிருந்து என்பனபோல வினைத்தொகை. வந்த, வருகின்ற, வரும் என்னும் முக்காலமும் இதில் அடங்கும். விதியின்படி மண்டலத்தவராக ஏற்கப்பட்டவர்க்கு ‘உறைவீரர்’ என்பதை இணையாகக் கொள்ளலாம். உறைவிடம், உறைநர் என்ற சொற்கள் நமக்குப் பழக்கமானவை. இவ்விரண்டும் கைக்கு வந்தபின் கோர்ஜேஜேயின் கதை ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது: வருவீரராக வந்தவர் உறைவீரர் ஆனார். சோலிலிருந்து பார்த்து எழுதுவோர்க்குச் ‘செல்வீரர்’ என்ற சொல்லும் இதே வார்ப்பில் கிடைக்கிறது. 2014-இல் டெஃப்ட் கொரியாவின் பார்வையில் செல்வீரர், சீனாவின் பார்வையில் வருவீரர்.

எதிர்ப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் ‘வருவீர்’ என்று முன்னிலைப் பன்மை வினைமுற்றாகக் கண்ணில் படும் என்பது உண்மையான குறை. வேற்றுமை உருபு ஏறியதும், வருவீரரை, வருவீரர்க்கு என்று, அது நீங்கிவிடும். எழுவாயாக நிற்கும்போது மட்டும் எழுதுபவர் சற்றுக் கவனிக்க வேண்டும். ‘இனி வளர்ந்து வரும் வீரர்’ என்று தவறாகக் கொள்ளலாமே என்றால், அதற்கு ‘இளம்வீரர்’ என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது.

திரைமுன் அமர்ந்து ஆடுபவரை ‘வீரர்’ எனலாமா என்ற கேள்வியை நம் குழுவில் முன்பும் எழுப்பியிருக்கிறார்கள். 2013-இல் அமெரிக்க அரசு லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டக்காரர்க்கு விளையாட்டு வீரர்க்கு உரிய விசாவையே வழங்கியது. நாம் தயங்க வேண்டியதில்லை. ‘வீரர்’ இருபாலுக்கும் பொதுவாக நிற்கிறது என்பதையும் கருத வேண்டும். 2018-இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி வருவித்த கொரியரான கெகுரி, ஓவர்வாட்ச் என்னும் கணினி ஆட்டத்துக்கான ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரர். அவரும் வருவீரரே, தனிச்சொல் வேண்டாம்.

அதே ஓவர்வாட்ச் லீக்கில்தான் இந்தச் சொல்லின் எல்லையும் தெரிகிறது. அங்கே மண்டல வரம்பு இருக்கவில்லை. 2018-இல் முதல் பட்டத்தை வென்ற லண்டன் ஸ்பிட்ஃபயர், ஜிசி பூசான், கொங்டூ பான்தெரா என்னும் இரண்டு கொரிய அணிகளின் ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கப்பட்டது. பெயர் லண்டன், ஆட்டக்காரர் அனைவரும் கொரியர், பருவத்தின் வழக்கமான ஆட்டங்களை ஆடிய அரங்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே. உறைவீரர் ஒருவர்கூட இல்லாத அணியில் வருவீரர் என்ற பிரிவுக்கு வேலையில்லை என்று கருதுகிறேன். அத்தகைய அணியை ‘வருவித்த அணி’ என்று விரித்தே எழுதலாம்.

அகரமுதலிக்கு நான் எழுதியுள்ள வரைவு இது. வருவீரர்: ஒரு மண்டலத்தின் லீக்கில், அம்மண்டலத்தவராகக் கணக்கிடப்படாமல், வரம்புக்கு உட்பட்ட இடத்தில் ஆடுபவர். உறைவீரர்: பிறந்த நாடு எதுவாயினும், அம்மண்டலத்தவராக ஏற்கப்பட்டு ஆடுபவர். வருவிப்பு: வேறு மண்டலத்து ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்து அழைத்துக்கொள்ளுதல்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கே விடை தெளியவில்லை. 2018-இல் இன்விக்டஸ் கேமிங்கின் தலைமைப் பயிற்றுநரும் கொரியரே. விதி களமிறங்கும் ஐவரை மட்டுமே எண்ணுவதால், அவர் எந்த இடத்தையும் நிரப்பவில்லை. ‘வருபயிற்றுநர்’ என்று எழுதினால் இல்லாத வரம்பு ஒன்று இருப்பதாகப் படிப்பவர் எண்ணக்கூடும். எழுதாவிட்டால் அந்த வருவிப்பின் பெரும்பகுதி கட்டுரையில் பெயரின்றிப் போகிறது. இதைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.