வாசகர் வட்டம் குழு: முதல் கூட்டத்துக்கு எந்தப் படம்?

நூலகர் மேடம்: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து வாசிப்பு அறையில் ஓவியம், புகைப்படம் பற்றி மாலைப் பேச்சு நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் வரலாம். முதல் கூட்டத்தில் என்ன பேசுவது என்று இங்கேயே முடிவு செய்துவிட்டால் அறிவிப்புப் பலகையில் போட்டுவிடுவேன்.

கேமரா அண்ணன்: அருமை மேடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் (ஒளி உள்ளே விழுகிற நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கு எவ்வளவு உணர்வு என்ற அளவு). இந்த மூன்றும் தெரியாமல் மேலே போகவே முடியாது. என்னிடம் ஸ்லைடு தயாராக இருக்கிறது, மொத்தம் 84.

மாடி வீட்டு அக்கா: 84ஆ!

கல்லூரித் தம்பி: அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. வருகிறவர்கள் கையில் போன்தான் இருக்கும். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை மாற்றவே முடியாது.

கேமரா அண்ணன்: மாற்ற முடியாவிட்டால் என்ன, அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டாமா? போர்ட்ரெய்ட் மோடில் பின்னால் மங்கலாக வருகிறதே, அதில் பெரும்பகுதி மென்பொருள் போடுகிற மங்கல். காதோரத்து முடி சில படங்களில் கத்தரித்த மாதிரி தெரிவது அதனால்தான். இதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

மாடி வீட்டு அக்கா: அதனால்தானா! என் கம்மலைப் பாதி தின்றுவிட்டது ஒரு தடவை.

நான்: அண்ணா சொல்வது வேண்டிய விஷயம்தான், ஆனால் முதல் கூட்டத்துக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. நூலகத்தில் நடத்துகிறோம் என்றால் போனில் கிடைக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும். பெரிய மேசை இருக்கிறது, பெரிய அளவுப் புத்தகங்கள் இருக்கின்றன, யாரும் யாரையும் அவசரப்படுத்தாத ஓர் அறை இருக்கிறது. ஒரே ஒரு படத்தை அரை மணி நேரம் பத்துப் பேர் சேர்ந்து பார்ப்பதை வேறு எங்கே செய்ய முடியும்? போனில் நாம் ஒரு படத்தைப் பார்க்கிற நேரம், விரல் மேலே தள்ளுகிற நேரம், அவ்வளவுதான்.

டிராயிங் சார்: சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அரை மணி நேரம் சும்மா பார் என்றால் ஐந்தாவது நிமிடம் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பென்சிலும் தாளும் கொடுங்கள். படத்தில் இருக்கிற பெரிய வடிவங்களை மட்டும் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை. எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, கண் முதலில் எங்கே போகிறது என்பதெல்லாம் கை போகும்போதுதான் பிடிபடும்.

மாடி வீட்டு அக்கா: எனக்குக் கோடு போடவே வராது சார்.

டிராயிங் சார்: வராதவர்கள்தான் வேண்டும் அம்மா. வருகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் தங்கள் கோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்லூரித் தம்பி: சரி, இங்கேயே ஒரு சோதனை. [படம்] இதில் என்ன தெரிகிறது? கூகிளில் தேடக் கூடாது.

மாடி வீட்டு அக்கா: காலியான தெரு. இரண்டு பக்கமும் மரம், உயரமான வீடுகள். விடியற்காலையா? யாருமே இல்லை.

தலைமையாசிரியர் ஐயா: ஊரடங்கு போலத் தெரிகிறது. நிழல்கள் தெளிவாக இருக்கின்றன, ஆகவே நல்ல வெயில் நேரம். நல்ல வெயிலில், இவ்வளவு பெரிய சாலையில் ஒரு வண்டிகூட இல்லை என்பது விசித்திரம்.

நான்: கீழே இடது பக்கம் ஒருவர் நிற்கிறார். ஒரு காலை எதன் மேலோ வைத்திருக்கிறார்.

மாடி வீட்டு அக்கா: அட ஆமாம்! செருப்புக்குப் பாலிஷ் போடுகிறாரா?

கல்லூரித் தம்பி: அதேதான். 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து எடுத்தது. மனிதர் தெரிகிற மிகப் பழைய புகைப்படம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். தெரு காலி இல்லை. வண்டியும் ஆட்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒளி பதிய நிமிடக் கணக்கில் ஆனதால் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. பாலிஷுக்காக ஒரே இடத்தில் நின்ற ஆள் மட்டும் பதிந்துவிட்டார். தன்னைப் படம் எடுத்தார்கள் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

கேமரா அண்ணன்: இதைத்தானே அய்யா நான் ஷட்டர் ஸ்பீட் என்று காலையிலிருந்து கத்துகிறேன்.

நான்: அதேதான் அண்ணா. நீங்கள் ஸ்லைடில் சொல்வதைத்தான் அக்கா இப்போது தானாகக் கண்டுபிடித்தார். படத்தை முதலில் வைத்துவிட்டு அவர்கள் ஏன் என்று கேட்ட பிறகு நீங்கள் ஷட்டரை எடுங்கள். அப்போது யாரும் மறக்க மாட்டார்கள்.

கேமரா அண்ணன்: ம்ம். யோசிக்க வேண்டிய விஷயம்.

தலைமையாசிரியர் ஐயா: தலைப்பில் ஓவியமும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு எல்லோரும் கேமரா பக்கமே போகிறீர்கள். இரண்டையும் இணைக்க ஏதாவது வேண்டும்.

டிராயிங் சார்: இருக்கிறது ஐயா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் குதிரைப் பந்தயம் ஒன்றை வரைந்தார், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைகள் முன்னங்கால் முன்னால், பின்னங்கால் பின்னால் என்று நாலு காலையும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் பறக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள். 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையே கம்பியை இழுத்து ஷட்டரைத் தட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்து எடுத்தார். பார்த்தால், நாலு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மைதான், ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது இல்லை. வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும்போது. அத்தனை ஓவியரும் வரைந்தது தப்பு!

கல்லூரித் தம்பி: கேமரா 1, ஓவியம் 0.

டிராயிங் சார்: அவசரப்படாதே தம்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். எந்தக் குதிரை வேகமாக ஓடுகிறது? மைபிரிட்ஜின் குதிரை கால்களைச் சுருட்டி அந்தரத்தில் உறைந்து நிற்கிறது. ஜெரிக்கோவின் குதிரை பறக்கிறது. சிற்பி ரோடின் இதைத்தான் சொன்னார்: நிஜத்தில் காலம் நிற்பதில்லை, ஆகவே ஓவியன் காட்டுவதுதான் உண்மை, புகைப்படம்தான் பொய் சொல்கிறது என்று. நான் ரோடின் பக்கம்.

கேமரா அண்ணன்: நான் குதிரை பக்கம். ஓடினது அதுதானே.

தலைமையாசிரியர் ஐயா: இந்தச் சண்டையையே கூட்டத்தில் போடுங்கள். கேட்க ஆள் வரும்.

நான்: இரண்டு பேரும் எதிரிகள் இல்லை என்பதற்கும் ஒன்று சொல்லலாம். ஓவியர்கள் மோனே, டெகா, ரென்வா எல்லோரும் சேர்ந்து 1874-ல் பாரிஸில் தங்கள் முதல் கண்காட்சியை வைத்தார்களே, இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பிறகு பெயர் வாங்கிக் கொடுத்த கண்காட்சி, அது நடந்தது புகைப்படக்காரர் நடாரின் பழைய ஸ்டுடியோவில். இடம் கொடுத்ததே கேமராக்காரர்.

கேமரா அண்ணன்: சார் கவனிக்கவும்.

டிராயிங் சார்: கவனித்தேன்.

தலைமையாசிரியர் ஐயா: மேடம், நம் நூலகத்தில் இதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறதா? நான் தேடியவரை ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது.

நூலகர் மேடம்: இருக்கிறது ஐயா, ஆனால் ஒரே இடத்தில் இல்லை, அதுதான் சிக்கல். நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கிற டியூவி பகுப்பில் புகைப்படக் கலை 770, ஓவியம் 750, கோட்டோவியம் 741. படத்தைக் கணினியில் திருத்துவது பற்றிய புத்தகங்களில் பல 006.6-க்குப் போய்விடும், அது அறையின் இன்னொரு மூலை. பெரிய அளவுப் புத்தகங்கள் அலமாரியில் நிற்காது என்பதால் கீழ்த்தட்டில் படுக்க வைத்திருக்கிறோம். அவற்றில் பல குறிப்புதவி நூல்கள், இரவல் கிடையாது, அதனால் யாரும் புரட்டுவதே இல்லை. கூட்டத்தன்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கிறேன்.

நான்: இதுவே போதும் மேடம், பாதிக் கூட்டம் முடிந்த மாதிரி.

மாடி வீட்டு அக்கா: ஒரு சந்தேகம். இந்த வயதில் போய்ப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நான்: ஜூலியா மார்கரெட் கேமரூன் என்று ஒருவர் அக்கா. பெயரிலேயே கேமரா மாதிரி இருக்கிறது, தற்செயல்தான். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கேமரா கொடுத்த பிறகுதான் முழுமூச்சாக இறங்கினார். ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய புகைப்படக்காரர்கள் திட்டினார்கள். இன்று உருவப்படம் என்று பேசினால் அவர் பெயர் வராமல் இருக்காது. வீட்டில் சொல்லுங்கள்.

மாடி வீட்டு அக்கா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

கல்லூரித் தம்பி: மேடம், கூட்டம் முடிந்ததும் நூலகத்துக்குள்ளேயே ஒரு போட்டோ வாக் வைக்கலாமா? ஜன்னல் வெளிச்சம், அலமாரி நிழல், படிக்கிறவர்கள் முகம்… அழகாக வரும்.

நூலகர் மேடம்: ஜன்னல், அலமாரி சரி. படிக்கிறவர்கள் முகம் வேண்டாம் தம்பி.

கல்லூரித் தம்பி: பொது இடம்தானே மேடம்?

நூலகர் மேடம்: பொது இடம்தான், ஆனால் இங்கே யார் என்ன புத்தகம் எடுக்கிறார்கள் என்பதையே நாங்கள் வெளியே சொல்வதில்லை. நோயைப் பற்றிப் படிக்க வருகிறவர், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு எடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

கல்லூரித் தம்பி: கேட்டால் இயல்பான முகபாவம் போய்விடுமே.

நான்: தம்பி, இதற்கு ஒரு படம் இருக்கிறது. இதைத்தான் கூட்டத்தின் கடைசிப் படமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1936-ல் டொரோத்தியா லாங் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் பட்டாணித் தோட்டத்துக் கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், இரண்டு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போய் எடுத்த வரிசையில் இது ஒன்று. உலகம் முழுக்கப் போன படம். ஆனால் லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1978-ல்தான் அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவருக்கு வருத்தம் இருந்தது.

மாடி வீட்டு அக்கா: அடப்பாவமே. பெயராவது கேட்டிருக்கலாம்.

கேமரா அண்ணன்: ஆனால் அந்தப் படம் வந்த பிறகு அந்த முகாமுக்கு உணவு அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

நான்: கட்டாயம் சொல்ல வேண்டும் அண்ணா. அது வந்தபோது ஃப்ளோரன்ஸ் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது என்பதையும் சேர்த்து. இரண்டையும் மேசை மேல் வைத்துவிட்டு என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்போம், நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இன்னொன்று, அதே படத்தில் கீழே வலது மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று லாங் பின்னால் அதை நெகட்டிவில் மறைக்கச் செய்தார். விரல் இருக்கிற பழைய பிரதி ஒன்று, மறைத்தது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் திருத்தலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் பேசலாம்.

கல்லூரித் தம்பி: நான் தினமும் பின்னால் நிற்கிற ஆளையே அழிக்கிறேன், விரலுக்கா இவ்வளவு!

தலைமையாசிரியர் ஐயா: செய்திப்படம் என்று சொல்லிக்கொண்டு அழித்தால் விரலும் விஷயம்தான் தம்பி. லாங் அப்போது அரசாங்கத்துக்காக ஆவணப்படுத்தப் போனவர். உன் பிறந்தநாள் படம் வேறு கதை.

நூலகர் மேடம்: இந்தப் படங்களை அச்சிட்டு வைக்கலாமா, உரிமைப் பிரச்சினை வருமா?

நான்: வராது மேடம். லாங்கின் அந்தப் படம் அமெரிக்க அரசு ஊழியராக எடுத்தது, பொதுவுடைமை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் பெரிய கோப்பாகவே இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவை 19-ஆம் நூற்றாண்டு.

கேமரா அண்ணன்: ப்ரொஜெக்டர் நான் கொண்டு வருகிறேன்.

டிராயிங் சார்: வேண்டாம். வாசிப்பு அறையை முழுசாக இருட்டாக்க முடியாது. ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது, வெளிச்சம் போடாமல் விட்ட இடம்தான் அதற்குக் கறுப்பு. அறை விளக்கு எரிந்தால் அது சாம்பல் ஆகிவிடும். ஏ3 தாளில் அச்சிட்டு மேசையில் வையுங்கள், குனிந்து பார்க்கட்டும்.

கேமரா அண்ணன்: இதில் சார் சொல்வது சரி. அச்சுக்கு நான் பொறுப்பு. யாரும் படத்தை இந்தக் குழுவில் சாதாரணமாகப் போட்டு அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் சுருக்கிவிடும், ஏ3-ல் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

மாடி வீட்டு அக்கா: [படம்]

மாடி வீட்டு அக்கா: டாக்குமென்ட் எங்கே இருக்கிறது?

கல்லூரித் தம்பி: பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும் அக்கா, அதைத் தொட்டால் வரும். ஐபோனில் கூட்டல் குறி.

தலைமையாசிரியர் ஐயா: என்னிடம் பழைய குடும்ப ஆல்பம் இருக்கிறது, பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடியது. அதைக் கொண்டு வரலாமா?

நூலகர் மேடம்: இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம் ஐயா. அதுவரை படங்களைப் பிய்க்காதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பசை நாள்பட்டால் படத்தைக் கெடுக்கும், ஆனால் இழுத்தால் அதைவிடக் கெடும். பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு யார் யார் என்று பெயரை மட்டும் தனித் தாளில் எழுதி வையுங்கள். அது நீங்கள் ஒருவர்தான் எழுத முடியும்.

தலைமையாசிரியர் ஐயா: உண்மை. இன்றே தொடங்குகிறேன்.

டிராயிங் சார்: இரண்டாவது கூட்டத்தைக் குழந்தைகளுக்கு வைக்கலாம் மேடம். சயனோடைப். கேமராவே வேண்டாம். இரும்பு உப்புக் கரைசல் தடவிய தாள் மேல் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளை இலை வரும். அன்னா அட்கின்ஸ் என்பவர் 1843-ல் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமே வெளியிட ஆரம்பித்தார். புகைப்படம் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தாளுக்கு நான் முதல் நாளே கரைசல் தடவிக் கொடுத்துவிடுகிறேன், பிள்ளைகள் ரசாயனத்தைத் தொட வேண்டியதில்லை.

நூலகர் மேடம்: இது ரொம்பப் பிடித்திருக்கிறது. சரி, அறிவிப்பு இப்படி: "மூன்று படங்கள், ஒரு மாலை. காலியான தெரு, பறக்கும் குதிரை, பெயர் கேட்காத தாய்." தாளும் பென்சிலும் நூலகத்தில் கிடைக்கும். சரியா?

நான்: "பெயர் கேட்கப்படாத தாய்" என்று மாற்றுங்கள் மேடம், கேட்காதது அவர் இல்லையே.

நூலகர் மேடம்: மாற்றிவிட்டேன். அண்ணா, உங்கள் ஸ்லைடு?

கேமரா அண்ணன்: ஷட்டருக்கு ஒன்று, அபெர்ச்சருக்கு ஒன்று, அதையும் தாளிலேயே அச்சடித்துவிடுகிறேன். மீதியை மூன்றாவது கூட்டத்துக்கு விடுங்கள்.

நூலகர் மேடம்: நன்றி. கடைசியாக ஒன்று, அலுவலக அறிக்கைக்குக் கூட்டத்தில் இரண்டு படம் எடுத்தாக வேண்டும். முகம் வேண்டாம் என்பவர்கள் பின்வரிசையில் உட்காரலாம், அந்தப் பக்கம் கேமரா திரும்பாது.

மாடி வீட்டு அக்கா: பின்வரிசையில் எனக்கு ஓர் இடம்.

கல்லூரித் தம்பி: அக்கா, இப்போதுதானே 48 வயதில் கேமரா என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள்?

மாடி வீட்டு அக்கா: நான் எடுக்கத்தான் வருகிறேன் தம்பி, எடுபட இல்லை.