மின்வாரியப் பிரிவு எல்லை மேப்: பாலிகன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன, அவசர உதவி தேவை (மதுரை)

வடகரை_வாசி | வியாழன், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். எந்த வீடு எந்த இ.பி. செக்‌ஷன் ஆபீஸில் வருகிறது என்று ஒரு மேப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாயின்ட் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாலிகன் (ஒரு பரப்பைச் சுற்றி வரும் மூடிய கோடு) போட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. ஒரே வயல் மூன்று செக்‌ஷனில் காட்டுகிறது. சோழவந்தானில் ஒரு பாலிகன் வைகையைத் தாண்டித் தென்கரைக்குள் போய்விட்டது. யாரிடமாவது அதிகாரப்பூர்வ எல்லைக் கோப்பு இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் இதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் காட்ட வேண்டும்.

கருமாத்தூரான் | இரவு 10.55

எந்த சாஃப்ட்வேர்? பாயின்ட் என்றால் எது, வீடா, டிரான்ஸ்ஃபார்மரா, ஆபீஸா? பாலிகனைக் கையால் வரைந்தீர்களா, டூல் போட்டு வந்ததா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையே.

நிலவரைவி | இரவு 11.03

வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ப்ரொஜெக்‌ஷன் (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறை) என்ன என்று பார்க்காமல் மேப் போட உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். மதுரை மாவட்டம் இரண்டு யு.டி.எம். மண்டலத்தில் (உலகை ஆறு டிகிரிக்கு ஒன்றாகப் பிரித்த மேப் பட்டைகள்) கிடக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை உசிலம்பட்டிக்கும் மதுரை நகரத்துக்கும் நடுவில் போகிறது. அதற்கு மேற்கே 43, கிழக்கே 44. உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் 43இல் வரைந்திருப்பார், நகரத்தில் இன்னொருவர் 44இல் வரைந்திருப்பார், நீங்கள் இரண்டையும் ஒரே லேயரில் கொட்டியிருப்பீர்கள். முதலில் அடிப்படையைப் படியுங்கள், கோப்பு கேட்பதெல்லாம் பிறகு.

கருமாத்தூரான் | இரவு 11.10

நிலவரைவி சார், மண்டலம் மாறியிருந்தால் பாலிகன் பக்கத்து வயலில் ஏறாது. 43இல் எடுத்த மதுரை ஆயத்தொலைவை 44 என்று படித்தால் ஆறு டிகிரி கிழக்கே தள்ளி வங்காள விரிகுடாவில் போய் விழும். இவருக்கு ஆற்றைத்தான் தாண்டியிருக்கிறது.

நிலவரைவி | இரவு 11.14

அப்படியானால் டேட்டம், அதாவது ஆயத்தொலைவு எந்த பூமி மாதிரியை வைத்து அளந்தது என்பது. பழைய டோப்போ ஷீட்டை (அரசு நிலவரைபடத் தாளை) அடியில் வைத்து வரைந்திருப்பார். எவரெஸ்ட் டேட்டத்திலிருந்து டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டேட்டத்துக்கு) மாற்றாமல் விட்டால் நம் பக்கம் நூறு மீட்டர் கணக்கில் நகரும். ஒரு வயல் அகலத்துக்குத் தள்ளிப் போகும். நான் சொன்ன அடிப்படை அதேதான்.

அலங்கை_மாடு | இரவு 11.20

எதற்கு இவ்வளவு கஷ்டம்? வருவாய் கிராம எல்லை கிடைக்கிறது. எந்த ஊர் எந்த செக்‌ஷன் என்று ஒரு பட்டியல் வாங்கி, கிராம எல்லையை அப்படியே கலர் அடித்துவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது. தாலுகா, பிர்க்கா எல்லாம் அப்படித்தானே இருக்கிறது.

வடகரை_வாசி | இரவு 11.31

கியூஜிஐஎஸ். பாயின்ட் என்றால் வீட்டு மின் அட்டை. எங்கள் பையன்கள் ஊர் ஊராகப் போய் வெள்ளை அட்டையைப் போனில் போட்டோ எடுத்தார்கள், ஜி.பி.எஸ். அதிலேயே பதிந்திருக்கிறது. டேட்டம் எல்லாம் ஒன்றுதான், டோப்போ ஷீட் எதுவும் இல்லை. செக்‌ஷன் வாரியாகப் பிரித்து மினிமம் பவுண்டிங் ஜியாமெட்ரி டூலில் கான்வெக்ஸ் ஹல் போட்டேன்.

போன கோடையில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. ஒரு ஆபீஸில் இது எங்களது இல்லை, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். நாற்றங்கால் காய்ந்து வெடித்துப்போன பிறகுதான் எங்கள் ஆபீஸ் எது என்றே தெரிந்தது. அடுத்த முறை யாரும் அப்படி அலையக்கூடாது, அதற்காகத்தான் இந்த மேப்.

கருமாத்தூரான் | இரவு 11.40

கான்வெக்ஸ் ஹல் என்றால் ஏறத்தான் செய்யும். அது எல்லாப் பாயின்டையும் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இழுத்த மாதிரி. ஓரத்தில் தனியாக ஒரே ஒரு வீடு இருந்தாலும் அதுவரை இழுத்துக்கொண்டு நடுவில் கிடக்கும் அடுத்த செக்‌ஷன் நிலத்தையும் விழுங்கிவிடும்.

ஓய்வு_ஏஇ | வெள்ளி, காலை 5.48

தம்பி, சர்வீஸ் முழுக்க மதுரை மண்டலத்தில்தான் இருந்தேன். காலையில்தான் இதைப் பார்த்தேன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நீ தேடுகிற எல்லைக் கோடு தரையில் கிடையாது. ஒரு பிரிவு அலுவலகத்தின் பொறுப்பு என்பது அதன் கீழ் வரும் டிரான்ஸ்ஃபார்மர்களும் அவற்றிலிருந்து புறப்படும் எல்.டி. லைனில் (வீடுகளுக்குப் போகும் தாழ்அழுத்தக் கம்பியில்) இருக்கிற இணைப்புகளும்தான். லைன் போன வழியில் இணைப்பு கொடுத்தோம். ஒரு விவசாயி கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு வந்தால், கிணறு எந்தக் கிராமம் என்று பார்ப்பதைவிட எந்தக் கம்பத்திலிருந்து இழுத்தால் வோல்டேஜ் நிற்கும் என்றுதான் பார்ப்போம். அதனால் ஒரு தெருவில் இந்த வரிசை வீடுகள் ஒரு ஆபீஸ், எதிர் வரிசை இன்னொரு ஆபீஸ் என்று இருப்பது சாதாரணம். ஆற்றைத் தாண்டியும் லைன் போகும். வைகைதான் எல்லை என்று நீயாக முடிவு செய்துகொண்டால் மேப் தப்பாகப் போய்விடும்.

அட்டையில் இருக்கிற இணைப்பு எண்ணைப் பார். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், மதுரைக்கு 05. அடுத்த மூன்று பிரிவு. அதற்கடுத்த மூன்று பகிர்மானம் (பிரிவுக்குள் ஒரு பகுதி). மீதிதான் உன் வீட்டு எண். எந்த ஆபீஸ் என்பது இதிலேயே இருக்கிறது. நீ செக்‌ஷன் வாரியாகப் பிரித்தது இந்த எண்ணை வைத்தா, இல்லை ஆட்கள் வாயால் சொன்ன ஆபீஸ் பெயரை வைத்தா?

வடகரை_வாசி | காலை 7.15

ஆபீஸ் பெயரை வைத்துத்தான் ஐயா. எண்ணும் போட்டோவில் இருக்கிறது.

ஓய்வு_ஏஇ | காலை 7.32

அப்படியானால் எண்ணை எடுத்துத் திரும்பப் பிரி. ஜனங்கள் பில் கட்டப் போகிற ஆபீஸைத்தான் சொல்லுவார்கள். அது பக்கத்து செக்‌ஷனாகக்கூட இருக்கும்.

இன்னொன்று. அட்டையை எங்கே வைத்து போட்டோ எடுத்தார்கள்? எல்லோரையும் மந்தைக்கு (ஊர்ப் பொது இடத்துக்கு) வரச்சொல்லி எடுத்திருந்தால் பாயின்ட் எல்லாம் மந்தையில்தான் விழுந்திருக்கும். சோழவந்தானில் மகள் வீட்டுக்கு வந்த பெரியவர் தென்கரை அட்டையை எடுத்துக் காட்டியிருந்தாலும் உன் பாலிகன் ஆற்றைத் தாண்டிவிடும்.

பைக்காரா_பஸ்ஸ்டாப் | காலை 8.05

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வருகிறதே, பசுமலை, அனுப்பானடி, சமயநல்லூர் என்று துணைமின் நிலையம் போட்டு, அதன் கீழே ஏரியாப் பெயர்களாக வரும். கொஞ்ச மாதம் சேர்த்து வைத்தால் முழு மேப்பும் கிடைத்துவிடும். நான் எங்கள் ஏரியாவுக்கு அப்படித்தான் போட்டேன்.

ஓய்வு_ஏஇ | காலை 8.20

அது நல்ல மேப்தான், ஆனால் வேறு மேப். துணைமின் நிலையத்திலிருந்து எந்த ஃபீடர் (மின் வழித்தடம்) எங்கே போகிறது என்பதை அது காட்டும். ஒரே செக்‌ஷனுக்கு இரண்டு துணைமின் நிலையத்திலிருந்து கரண்ட் வரலாம். ஒரு ஃபீடரில் வேலை என்றால் லோடை அடுத்த ஃபீடருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அன்றைக்குக் கரண்ட் வேறு வழியாக வரும், உன் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸ் மாறாது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் யாரிடம் போக வேண்டும் என்று தம்பி கேட்கிறார். அதற்கு இது உதவாது.

பைக்காரா_பஸ்ஸ்டாப் | காலை 8.31

சரி ஐயா, வித்தியாசம் புரிகிறது. எங்கள் ஸ்டாப்புக்குப் பைக்காரா என்று பெயர் வந்ததே நீலகிரி பைக்காரா கரண்ட் அங்கே வந்து இறங்கியதால்தான் என்று தாத்தா சொல்லுவார். அந்தக் காலத்திலும் இப்படிப் பிரிவுகள் உண்டா?

ஓய்வு_ஏஇ | காலை 8.44

அப்போது மதுரை நகரத்துக்குள் சப்ளை செய்யத் தனி லைசென்ஸ் கம்பெனி ஒன்று இருந்தது. நகரத்துக்கு வெளியே அரசு மின்துறை. வாரியம் வந்தது 1957 ஜூலை 1இல். அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸில் எழுதிய எல்லை இருந்தது. இன்றைக்கு செக்‌ஷனுக்கு இருப்பது அப்படிப்பட்ட எல்லை இல்லை, வேலைப் பங்கீடுதான்.

நிலவரைவி | காலை 9.10

ஐயா சொல்வது அனுபவம். ஆனால் மின் விநியோகப் பரப்பு என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003இல் அதற்கு வரையறையே கொடுத்திருக்கிறார்கள். அது ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் வரைந்தவர் தப்பு.

மலாடு_மதுரைக்காரன் | காலை 9.26

ஏறலாம் சார். நான் இருப்பது மும்பைப் புறநகரில். இங்கே அதானிக்கும் டாடாவுக்கும் ஒரே பரப்பில் லைசென்ஸ் இருக்கிறது. எங்கள் பில்டிங்கிலேயே இரண்டு கம்பெனி பில்லும் வருகிறது. டாடா சில்லறை நுகர்வோருக்கும் சப்ளை செய்யலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே 2003 சட்டம், 14ஆவது பிரிவு, ஒரே பரப்பில் இரண்டாவது லைசென்ஸுக்கு இடம் கொடுக்கிறது. தெற்கு மும்பையில் பெஸ்ட் என்ற நிறுவனம், முலுண்ட், பாண்டுப் பக்கம் மகாராஷ்டிர அரசு நிறுவனம். மும்பையை ஒரே அடுக்கில் வரைய முடியாது.

கம்பம்_மெட்டு | காலை 9.40

அவ்வளவு தூரம் ஏன்? எங்களுக்கு லோயர் கேம்ப் வரை நம் வாரியம், மலை ஏறிக் குமுளிக்குப் போனால் கேரள வாரியம். ஆனால் மூணாறில் கண்ணன் தேவன் எஸ்டேட் கம்பெனியே ஒரு விநியோக லைசென்ஸ்தாரர். திருச்சூரில் மாநகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே கலர் அடித்தால் கேரள மேப் தப்பு.

நிலவரைவி | காலை 9.52

நீங்கள் இருவரும் சொல்வது லைசென்ஸ் அளவில். இவர் கேட்பது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் பிரிவுகள். ஒரு வீடு இரண்டு ஏ.இ. ஆபீஸுக்குக் கீழே வராது. அதனால் பிரிவு மேப்பில் ஏறக்கூடாது என்று நான் சொன்னது நிற்கிறது.

மலாடு_மதுரைக்காரன் | காலை 9.58

வீடு வராது, சரி. வயல் வருமே? ஒரே வயலில் வீட்டுக்கு ஒரு லைன், கிணற்றுக்கு இன்னொரு லைன்.

அலங்கை_மாடு | காலை 10.05

நான் இன்னும் கிராம எல்லைதான் சரி என்கிறேன். ஜனங்களுக்கு ஊர்ப் பெயர் சொன்னால்தான் புரியும். டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து யார் எல்லை தெரிந்துகொள்வார்கள்?

ஓய்வு_ஏஇ | காலை 10.30

ஊர்ப் பெயரையும் மேப்பில் போடலாம், தப்பில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் மேடையிலோ கம்பத்திலோ பெயின்டில் பெயர் எழுதியிருக்கும், பக்கத்தில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. என்று திறனும் இருக்கும். எரிந்துபோனால் லைன்மேன் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான். அதைச் சரியாகச் சொன்னால் எந்த ஆபீஸ் என்று போனிலேயே தெரிந்துவிடும்.

தம்பி, பம்புசெட் இணைப்புகளைச் சேர்த்தாயா? வீட்டு அட்டை மட்டும் எடுத்திருந்தால் ஊருக்கு நடுவில் பாயின்ட் குவிந்திருக்கும், வயல்காட்டில் ஒன்றும் இருக்காது. எல்லை போகிறதே அந்த வயல்காட்டில்தான். மோட்டார் ரூம் சுவரில் சர்வீஸ் நம்பர் எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடு.

கருமாத்தூரான் | காலை 10.48

வடகரை, செய்ய வேண்டியது இதுதான். எண்ணின் முதல் ஐந்து இலக்கத்தை தனி நெடுவரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள், செக்‌ஷன் அதுதான். ஹல்லை அழித்துவிட்டு எல்லாப் பாயின்டுக்கும் சேர்த்து ஒரே வோரோனாய் பாலிகன் போடுங்கள், ஒவ்வொரு இடமும் தனக்கு மிக அருகிலுள்ள பாயின்டோடு சேரும். அப்புறம் அந்த ஐந்து இலக்கத்தின் பேரில் டிஸால்வ் (ஒரே எண் உள்ள கட்டங்களை ஒன்றாக்குவது). ஒன்றின் மேல் ஒன்று ஏற வழியே இல்லை. வெளி ஓரத்தில் கட்டங்கள் கண்டபடி நீளும், தாலுகா எல்லையை வைத்து வெட்டிவிடுங்கள். ஒரு செக்‌ஷனுக்கு நடுவில் தீவு மாதிரி இன்னொரு செக்‌ஷன் துண்டு வந்தால் அதை அழிக்காதீர்கள். அந்த போட்டோவைத் திறந்து பாருங்கள். ஒன்று பாயின்ட் தப்பு, இல்லை நிஜமாகவே அப்படி லைன் போயிருக்கும்.

பாயின்ட் இல்லாத இடத்தில் வருகிற கோடு வெறும் கணக்கு. அதைப் புள்ளிக்கோடாகப் போட்டு தோராயம் என்று எழுதிவிடுங்கள். பார்க்கிறவர்கள் அதை நம்பி ஆபீஸுக்குப் போகிறார்கள்.

செல்லூர்_நூல் | காலை 11.02

முழு சர்வீஸ் எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். முதல் எட்டு இலக்கம் போதும், வீட்டு எண்ணை வெட்டிவிடுங்கள். போட்டோவில் அட்டைக்காரர் பெயரும் இருக்கும், அதுவும் வெளியே போகக்கூடாது.

நிலவரைவி | காலை 11.20

வோரோனாய் போடுமுன் லேயரை யு.டி.எம். 44க்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிகிரியில் போட்டால் தூரம் சரியாக வராது. இதையும் சொல்லித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கருமாத்தூரான் | காலை 11.26

நம் அட்சரேகையில் டிகிரியில் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் மாற்றிக்கொள்வது நல்லதுதான்.

வடகரை_வாசி | சனி, இரவு 9.18

எண்ணை வைத்துப் பிரித்து வோரோனாய், டிஸால்வ் போட்டேன். ஏறுவது நின்றுவிட்டது. தென்கரையில் ஒரு பாயின்ட் மட்டும் இன்னும் இந்தப் பக்கத்து எண்ணில் வருகிறது, போய்ப் பார்க்க வேண்டும். பம்புசெட் இன்று கொஞ்சம் எடுத்தோம், மீதி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பெயர்களையும் சேர்க்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

ஓய்வு_ஏஇ | சனி, இரவு 9.50

அந்தத் தென்கரைப் பாயின்டில் நின்று கம்பத்தைப் பார்த்து லைனைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே நட. எந்த டிரான்ஸ்ஃபார்மரில் போய் முடிகிறதோ அதுதான் பதில். ஆனால் கம்பத்தில் கை வைக்காதே, ஸ்டே வயரையும் (கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியையும்) தொடாதே. கூட வருகிற பையன்களிடமும் சொல்லிவிடு.

மேலூர்_கால்வாய் | செவ்வாய், மாலை 6.12

வடகரை அண்ணே, கூட்டம் முடிந்ததா? எங்களுக்கு மேலூர்ப் பக்கம் இதே தொல்லை. நாங்களும் அட்டை எடுக்க ஆரம்பிக்கிறோம். உங்கள் லேயரைப் பகிர முடியுமா?

ஓய்வு_ஏஇ | செவ்வாய், இரவு 8.03

அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்கள் தொடங்குங்கள். பழைய அட்டை காட்டினால் கடைசியாக ரீடிங் எழுதிய தேதியைப் பாருங்கள். செக்‌ஷனைப் பிரித்துப் புது எண் கொடுத்திருந்தால் பழைய அட்டையில் பழைய ஆபீஸ்தான் வரும். புது பில்லில் இருக்கிற எண்ணை எடுங்கள்.