ஸ்டெல்லேரியம் உச்சிப்பொழுதைத் தப்பாகக் காட்டுகிறது, சிமுலேஷன் பக்கமும் திறக்கவில்லை: உதவி தேவை

கோபி அறிவியல்:
கோபிச்செட்டிபாளையம் பக்கத்து உயர்நிலைப் பள்ளிங்க. ஒன்பதாம் வகுப்புக்கு நிழல் பாடம் நடக்குது. வெளியில 1 மீட்டர் குச்சி நட்டு நிழல் அளக்குறோம், லேப்ல ஸ்டெல்லேரியத்துல (வானத்தைக் காட்டுற கம்ப்யூட்டர் மென்பொருள்) அதையே சரிபார்க்கிறோம். ரெண்டும் ஒத்து வரமாட்டேங்குது.

லேப்ல மூணு விதமா கோளாறு. சில மிஷின்ல காலையில ஃபெட்ங்கிற அறிவியல் சிமுலேஷன் தளமே திறக்காது, 'கடிகாரம் பின்தங்கியுள்ளது'ன்னு குரோம் சொல்லுது. அதே மிஷின்ல ஸ்டெல்லேரியத்துல வானமே வேற. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் போட்ட மிஷின் ஒண்ணு இருக்குது. அதுல மத்தியானம் பன்னண்டரைக்குப் பொழுது அப்பத்தான் கிழக்க எந்திரிக்குது! மீதி மிஷினெல்லாம் உச்சி 12:23னு காட்டுது. பசங்க குச்சியில ஒரு குழு 12:25ங்குது, இன்னொரு குழு 12:42ங்குது. நிழல் 49 செ.மீ. தேதி பிப்ரவரி 12. எதைங்க நம்புறது?

லேப் மெக்கானிக்:
முதல் ரெண்டும் வானியல் பிரச்சினையே இல்லீங்க சார்.

காலையில திறக்காத மிஷின்ல மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். பிளக்குல கரண்ட் இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற கடிகாரம் அதுலயே ஓடிரும். சாயங்காலம் லேப் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறீங்கல்ல, ராத்திரி முழுக்கக் கடிகாரத்தை அந்த பேட்டரிதான் தாங்கணும். தாங்கலைன்னா தேதி பல வருஷம் பின்னாடி போயிரும். தளத்தோட பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில இன்னும் பிறக்கவே இல்லைன்னு குரோம் கதவைச் சாத்திரும். ஸ்டெல்லேரியமும் அந்தப் பழைய தேதி வானத்தைத்தான் காட்டும்.

சிஆர் 2032 காயின் செல், 3 வோல்ட். வாட்ச் கடையிலயே கிடைக்கும். பிளக்கைக் கழட்டிட்டு, பவர் பட்டனை ஒருக்கா அமுத்தி மிச்சக் கரண்டை விட்டுட்டு, பக்கத்து கிளிப்பை நகத்தால தள்ளினா பழைய செல் எகிறிரும். எழுத்து இருக்கிற பக்கம் மேல வர்ற மாதிரி புதுசை வைங்க. மல்டிமீட்டர் இருந்தா பழசை அளந்து பாருங்க, 2.7க்குக் கீழ வந்திருந்தா அதுதான் காரணம். செல் மாத்தினதும் பயாஸ்ல (மிஷின் ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புப் பக்கம்) தேதி, நேரம் போட்டு சேவ் பண்ணணும். இதைத்தான் பல பேர் விட்டுடறாங்க.

ரெண்டாவது மிஷின்ல லினக்ஸ் கடிகாரச் சில்லுல யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதி வைக்குது. விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு படிக்குது. வித்தியாசம் சரியா 5 மணி 30 நிமிஷம். 12:34ஐ 7:04னு நினைச்சா பொழுது கிழக்கதான இருக்கும்? லினக்ஸ் டெர்மினல்ல timedatectl set-local-rtc 1 கொடுத்துட்டு, விண்டோஸ்ல நேரத்தை ஒரு தடவை சரி பண்ணுங்க. அப்புறம் திரும்பி வராது.

கோபி அறிவியல்:
நன்றிங்க. கடிகாரம் ரெண்டுலயும் சரியாயிருச்சு. ஆனா இப்ப எல்லா மிஷினும் ஒத்துமையா 12:23னு நிக்குது.

பவானிக்கரை:
12:23 என்பது சென்னையின் உச்சிநேரம் சார். எஃப் 6 அழுத்தி இடத்தைப் பாருங்கள். 'நெட்வொர்க்கிலிருந்து இடம் எடு' என்று ஒரு டிக் இருக்கும். நீங்கள் போடாமலே வந்திருக்கும். இணைய இணைப்பு எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊரை அது எடுத்துக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு, அட்சரேகை 11.45 வடக்கு, தீர்க்கரேகை 77.44 கிழக்கு என்று கையால் போட்டு, அதையே இயல்பு இடமாக வையுங்கள். அதே சன்னலில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளூர் உண்மைச் சூரிய நேரம் என்று இருந்துவிட்டால் உச்சி 12 மணியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பாடமே போய்விடும்.

இனிக் கணக்கு. மாணவர்களே போடட்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. கோபி அதற்கு 5.06 பாகை மேற்கே. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 20 நிமிடத் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. இவை இரண்டும் சேர்ந்து பிப்ரவரி நடுவில் சூரியனை மேலும் 14 நிமிடம் பிந்த வைக்கும். ஆக 12:34. சென்னைக்கு முதல் தாமதம் 9 நிமிடம்தான், அதனால் 12:23. நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் 16 நிமிடம் முந்தும், கோபியில் உச்சி 12:04க்கே வந்துவிடும். சமன் கீயைத் தட்டத் தட்டத் தேதி ஒவ்வொரு நாளாக நகரும், செமிகோலன் கீ உச்சிக்கோட்டைக் (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோடு) காட்டும். ஒரு வருடத்தை இப்படி ஓட்டிக் காட்டினால் சூரியன் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுவது தெரியும். ஸ்டெல்லேரியத்தில் வகுப்புக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை என்பது என் கருத்து.

தூக்குக்குண்டு:
மிஷினை நம்பலாம், குச்சியைத்தான் திருத்தணுமுங்க. அன்னிக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்க 13.8 பாகை. அதோட 11.45ஐக் கூட்டினா தலைக்கு நேர் மேல இருந்து 25.3 பாகை சாய்வு. 1 மீட்டர் குச்சிக்கு நிழல் 47 செ.மீ.தான் வரணும். 49 வந்துதுன்னா குச்சி வடக்கால ஒரு பாகை சாஞ்சிருக்கு, அவ்வளவுதான். கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ணு வாங்கி ரெண்டு பக்கமும் பிடிச்சுப் பாருங்க. தரைக்கு ரசமட்டம் வைங்க. சிமெண்டுத் தளம்னாலும் மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பாங்க.

ரெண்டு குழுவுக்கும் நேரம் ஏன் மாறுதுன்னா, உச்சிக்கு முன்ன பின்ன 10 நிமிஷத்துல நிழல் மாறுறது 3 மி.மீ. கூட இல்லை. ஆனா சூரியன் ஒரு புள்ளி இல்லீங்களே, அரை பாகை அகலம். அதனால நிழல் நுனி 1 செ.மீ.க்கு மங்கலாத்தான் விழும். 1 செ.மீ. மங்கலுக்குள்ள 3 மி.மீ.யை யாரு கண்டுபிடிக்கிறது? குறைஞ்ச நிழலைத் தேடுற வழியே தப்பு.

குச்சியை மையமா வச்சு 62 செ.மீ. ஆரத்துல வட்டம் போடுங்க. காலையில நிழல் நுனி வட்டத்தைத் தொடுற நேரம் சுமார் 11:16, மறுபடி தொடுறது சுமார் 1:52. நடுவுல 12:34. அங்க நிழல் வேகமா ஓடுறதால நேரம் பிசகாது. ரெண்டு புள்ளியையும் சேர்த்த கோடுதான் கிழக்கு மேற்கு. சங்கு (நிழல் பார்க்கிற குச்சி) நட்டு வட்டத்துல திசை பார்க்கிற முறை சூரிய சித்தாந்தம்ங்கிற பழைய வானியல் நூல்லயே இருக்குதுங்க, பசங்ககிட்டச் சொல்லுங்க. மங்கல் குறையணும்னா குச்சி நுனியில 3 மி.மீ. ஓட்டை போட்ட அட்டையை ஒட்டுங்க. தரையில 1 செ.மீ. அகலத்துக்குச் சூரியன் பிம்பம் விழும், அதோட நடுப்புள்ளியைக் குறிங்க. ஓட்டை வழியா யாரும் அண்ணாந்து பார்த்துடக் கூடாது, அதை மட்டும் கண்டிஷனாச் சொல்லிப்போடுங்க.

லேப் மெக்கானிக்:
ஃபெட் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். லேப் நெட்டை நம்பி வகுப்பு வைக்காதீங்க. எச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொண்ணும் ஒரே ஃபைலா இறங்கும். பென்டிரைவ்ல எடுத்துப் போட்டா நெட் இல்லாம பிரவுசர்லயே ஓடும். பழைய ஜாவா, ஃபிளாஷ் ஃபைலைத் தொடாதீங்க, ஃபிளாஷ் 2020 கடைசியோட முடிஞ்சுது. தமிழ்ல எல்லாம் கிடைக்காது, மொழிபெயர்ப்புப் பட்டியல்ல தேடிப் பாருங்க. ஈர்ப்பும் சுற்றுப்பாதையும் சிமுலேஷன்ல முதல் திரையில கோளெல்லாம் பெருக்கிக் காட்டினது. 'அளவுப்படி' திரையையும் திறந்து காட்டலைன்னா, நிலா நம்ம பக்கத்துலயே நிக்குதுன்னு பசங்க நினைச்சுக்குவாங்க.

ஸ்டெல்லேரியம் கருப்புத் திரையாவே நிக்கிற பழைய மிஷின் இருந்தா, கியூடி5 பதிப்பை இறக்கி மெசா மோடுல (கிராபிக்ஸ் கார்டை நம்பாம ஓடுற முறை) திறங்க. மெதுவாத்தான் ஓடும், ஆனா ஓடும்.

கோபி அறிவியல்:
இடத்தை மாத்தினதும் 12:34 வந்துருச்சுங்க. ஒரே ஒரு சந்தேகம், நிழலில்லா நாளுக்கும் (உச்சியில சூரியன் நேர் தலைக்கு மேல வர்ற நாள்) இந்தக் குச்சியே போதுங்களா?

பவானிக்கரை:
வேண்டாம். 10 செ.மீ. உயரத்தில் நேராக வெட்டிய பிவிசி குழாய்த் துண்டு போதும். கோபிக்கு ஏப்ரல் 20ஐ ஒட்டி 12:19க்கும், ஆகஸ்ட் 23ஐ ஒட்டி 12:23க்கும் வரும். அந்த நாட்களில் சூரியன் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பாகைதான் நகர்வதால், ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் 10 செ.மீ. குழாய்க்கு அரை மி.மீ. சொச்சம்தான் நிழல். அன்று மேகம் என்றால் மறுநாள் பாருங்கள், குற்றமில்லை. ஆவணி மேகத்தை நம்ப முடியாது, சித்திரையில் முடிந்தால் முடித்துவிடுங்கள். இரண்டு தேதிக்கும் இடையில் உச்சி நிழல் தெற்கே விழும். ஜூன் 21இல் உங்கள் 1 மீட்டர் குச்சிக்கு 21 செ.மீ. அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் மாணவர்களையே அளக்க விடுங்கள்.